தர்சினியின் தட்டுகளில் தண்ணீர் நிற்கவில்லை

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்த அழைப்பு வந்தது. நான் லிஃப்ட் திருத்துபவன். இடையில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து யாராவது கூப்பிட்டால் முதலில் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு கையில் தண்ணீர்ச் சாடி, மறு கையில் தொலைபேசி. ஒரு தாதி சிங்களத்தில் என் பெயரை இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, என் மனைவி தர்சினி இறந்துவிட்டதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். சுவர்க் கலண்டரில் நேரத்தைக் குறித்தேன். பிறகு மிச்சமிருந்த கத்தரிக் கன்றுத் தட்டுக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக முதல் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. டெங்கு. காய்ச்சல் தொடங்கிய ஆறாம் நாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கணவன் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று உறவினர் சொன்னார்கள். இதை நான் உறவினருக்கு எழுதவில்லை. வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் தர்சினியிடம் மரக்கறிக் கன்று வாங்கியவர்களுக்கு எழுதுகிறேன். அவள் தன்னுடைய சட்டிகளாலேயே செத்தாள் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலேயே கேட்டேன். எனக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் சோடாவை உறிஞ்சிக்கொண்டு கதைத்தார்கள்.

"வீடு முழுக்கச் சட்டியும் தட்டும். பின்னை நுளம்பு வராதே?"

"ரெண்டாம் மாடிப் பிள்ளைக்கும் காய்ச்சலாமெல்லே. அதுவும் இவவின்ர வேலைதான்."

அவர்களில் ஒருவருடைய வீட்டுப் பல்கணியில் அப்போது அவள் கொடுத்த பயிற்றங்கொடி காய்த்துக்கொண்டிருந்தது.

தொடங்கியது மிளகாயில். எங்கள் ஐந்தாம் மாடிப் பல்கணிக்கு மூன்று கன்று போதும். ஒரு பைக்கற் விதையை அப்படியே போட்டுவிட்டாள். அத்தனையும் முளைத்தன. பிடுங்கி எறிய மனம் வரவில்லை. "மிஞ்சிய மிளகாய்க் கன்றுகள் உண்டு, ஐந்தாம் மாடி" என்று எழுதிக் கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று நாளில் தீர்ந்தது. அடுத்த முறை தக்காளி, அதற்கடுத்து கத்தரி. பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்துவிட்டு வந்து உடுப்பும் மாற்றாமல் மண் குழைப்பாள். விற்பதற்கென்றே விதை போடத் தொடங்கிய பிறகும் அவற்றை அவள் 'மிஞ்சினது' என்றுதான் சொன்னாள்.

"மிஞ்சினது மிஞ்சினதெண்டு, கடைசியில எனக்குப் படுக்கத்தான் இடம் மிஞ்சேல்லை" என்றேன் ஒருநாள்.

"ஆரும் கேட்டால் உங்களையும் குடுக்கலாம். ஆரும் கேக்கினமில்லையே அப்பா" என்றாள்.

ஓட்டை போட்ட தட்டுகளில் அடுக்கிய யோகட் கப்புகளில்தான் கன்று. ஒவ்வொரு கப்பின் அடியிலும் மூன்று ஓட்டை. அது என் வேலை. சோல்டரிங் அயனைச் சூடாக்கிக் குத்திக் கொடுப்பேன். கொடுத்ததை அவள் அப்படியே எடுக்கமாட்டாள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, குழாய் லைற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை பார்ப்பாள். துளி நின்றாலும் எனக்கே திரும்பி வரும். "உம்மட கிளினிக்கில பல்லையும் இப்பிடித்தான் பாக்கிறனீரோ?" என்று எரிச்சலோடு கேட்பேன். தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்பது அவளுடைய காரணம். கொழும்பில் மழைக்குப் பிறகு வீடு வீடாக டெங்கு பார்க்க வருவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். சட்டிக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டம் வைக்க யாரையும் விடமாட்டாள். வீடு நனைகிறதே என்று கேட்டவருக்கு, "நனைஞ்சால் துடையுங்கோ" என்றாள்.

விற்பது என்று சொல்கிறோம். பாதிப் பேரை அவள் விரட்டியிருக்கிறாள். பாமன்கடையில் இருந்து ஒருவர் காரில் வந்தார். "உங்கட பல்கணிக்கு எத்தினை மணிக்கு வெயில் வருது?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. "எத்தினை வருசமா இருக்கிறியள்?" "பதினொரு வருசம்." போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் அடுத்த ஞாயிறு ஒரு துண்டில் நேரம் எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

நான்காம் மாடி பரீதா தாத்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்கள் தொடர்மாடி முழுவதற்கும் அவர் தாத்தாதான். ஒரே ஒரு தக்காளி கேட்டு வந்தார்.

"ஒண்டு தரமாட்டன் தாத்தா, ரெண்டு கொண்டுபோங்கோ. தனிய ஒண்டு நிண்டால் நாள் முழுக்க அதையே பாத்துப் பாத்துத் தண்ணி ஊத்துவியள். செத்துப்போகும்."

"எனக்கு வேற வேல இல்லண்டு சொல்றீங்களா மகள்?"

"ஓம். அதுதான் எனக்குப் பயம்."

தாத்தா கதவடியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் குப்பை போடக் கீழே போனேன். குப்பைத் தொட்டி யோகட் கப்புகளால் நிரம்பிக் கிடந்தது. மூன்று ஓட்டைகள். நான் குத்தியவை. கன்றுகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சிலவற்றில் பூ இருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில், அவள் தன் கடதாசியை ஒட்டும் அதே இடத்தில், தொடர்மாடிக் குழுவின் அறிவித்தல் இருந்தது. டெங்கு அபாயம் காரணமாக எந்த வீட்டிலும் சட்டியில் செடி வளர்க்கக்கூடாது. செயலாளரின் கையெழுத்து. அவள் பெயர் அதில் இல்லை. தேவைப்படவில்லை.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். எங்கள் வீட்டைத்தான் முதலில் காட்டினார்கள். அவர் சிங்களவர், நடுத்தர வயது, அவசரப்படாதவர். டோர்ச் அடித்து ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தார். கப்புகளைக் கவிழ்த்துப் பார்த்தார். முக்கால் மணித்தியாலம் எடுத்தார். பிறகு எழுந்து, "மேக்கே நே, மல்லி" என்றார். இதில் இல்லை, தம்பி. கூரையின் மழைநீர்ப் பீலியைப் பார்த்தார், தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். அங்கேயும் இல்லை. "லிஃப்டுக்குக் கீழே என்ன நிலைமை?" என்று கேட்டார்.

என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும்.

லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்குக் கீழே, தரைக்கும் கீழே, ஓர் ஆள் இறங்கக்கூடிய பள்ளம் இருக்கும். ஏறி இறங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மழைத்தண்ணீர் ஊறினால் அங்கே நிற்கும். நின்றால், லிஃப்ட் கீழே வரும்போது அடியில் தொங்கும் வயர் தண்ணீரைத் தொட்டு ஒரு சத்தம் வரும். ஈரத் துணியைக் கல்லில் போடுவதுபோல. அந்தச் சத்தத்தை நான் இரண்டு மாதமாகத் தினமும் கேட்டேன். எங்கள் லிஃப்டின் பராமரிப்பு வேறொரு கம்பனியிடம் இருக்கிறது. இன்னொரு கம்பனியின் லிஃப்டை நாங்கள் திறப்பதில்லை. இந்தத் தொழிலில் அது மரியாதை. செயலாளரிடம் ஒரு தரம் சொன்னேன். "அவங்களுக்குச் சொல்லுறன் தம்பி" என்றார். அதோடு என் கடமை முடிந்ததாக வைத்துக்கொண்டேன்.

பரிசோதகர் பார்த்துக்கொண்டு நிற்க லிஃப்டை மேலே நிறுத்தி, என் வேலைப் பையில் கிடந்த, பெரும்பாலான லிஃப்டுகளுக்கும் பொருந்தும் சாவியால் கீழ்க் கதவைத் திறந்தேன். முழங்கால் அளவு தண்ணீர். தெளிந்த தண்ணீர். டோர்ச் வெளிச்சத்தில் நுளம்புக் குடம்பிகள் துள்ளின. எண்ண முடியாது. பரிசோதகர் என் தோளில் கை வைத்தார். "மெத்தன தமய்" என்றார். இங்கேதான்.

அன்று பின்னேரமே தண்ணீரை இறைத்துவிட்டார்கள். இரண்டு மணித்தியால வேலை. செடி வளர்க்கத் தடை என்ற அறிவித்தல் இன்றும் அங்கேயே இருக்கிறது. பள்ளத்தைப் பற்றி ஒரு வரி அறிவித்தல்கூட ஒட்டப்படவில்லை. பரிசோதகர் எழுதிக் கொடுத்த கடிதம் செயலாளரின் கடிதக் கோவைக்குள் இருக்கிறது.

அவளைக் கடித்த நுளம்பு அந்தப் பள்ளத்தில் இருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதை யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸில் கடித்திருக்கலாம், கிளினிக்கில் கடித்திருக்கலாம். அவளுடைய தட்டுகளில் இருந்து வரவில்லை. அவ்வளவைத்தான் சொல்கிறேன். அதைச் சொல்ல இந்த ஊரில் எனக்கு வேறு பக்கம் கிடையாது.

இந்த மலருக்குச் செயலாளரும் ஓர் அஞ்சலி எழுதியிருக்கிறார். 'இயற்கையை நேசித்த இளம் தளிர்' என்று தலைப்பு. அறிவித்தலில் கையெழுத்து வைத்த அதே பேனையாகத்தான் இருக்கும். அச்சகக்காரர் அவருக்குத் தெரிந்தவர் என்பதால் என் பக்கத்தின் முதல் பிரதியையும் முன்கூட்டியே வாசித்துவிட்டார். நேற்று வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, செத்த பிள்ளையின்ர மலரில லிஃப்ட், தண்ணி எண்டெல்லாம் எழுதுறதே? நாளைக்கு வைச்சுப் பாக்கிற சாமான் எல்லே."

"அதுக்குத்தான் ஐயா எழுதினனான்."

"மூண்டாம் மாடியை வாங்க லண்டனில இருந்து ஆக்கள் பாக்க வருகினம். இது அவையின்ர கண்ணில பட்டால்? நீரும் இஞ்ச வீடு வைச்சிருக்கிறனீர்தானே."

"வைச்சிருக்கிறன்."

"நல்லதா ஒரு நாலு வரி எழுதும். அவ சிரிச்ச முகம், எல்லாரோடையும் பழகினது. சனம் அழும்."

பரீதா தாத்தா அப்போது சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "அந்தப் புள்ள தந்த கத்தரி இன்னும் காய்ச்சிக்கிட்டு ஈக்கிது. பத்து நோட்டீஸ் ஒட்டினாலும் அத நான் புடுங்க மாட்டன்" என்று செயலாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இந்தத் தொடர்மாடியில் பிடுங்காத வீடு அது ஒன்றுதான். மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. யோகட் கப்புகளைக் கழுவி அவளிடம் தந்த அயலவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் மிஞ்சிய கன்றுகளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுடைய உடுப்புகளை அவளுடைய தங்கச்சி எடுத்துப் போனாள். எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு பேச்சு. லிஃப்டில் சத்தம் கேட்கிறது, அடியில் தண்ணீர் நிற்கிறதுபோல என்று ஒருநாள் சாப்பிடும்போது அவளிடமும் சொல்லியிருந்தேன். எங்கள் கம்பனி இல்லை, தொடக்கூடாது என்றும் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"போய்த் திறந்து பாருங்கோவனப்பா. அது ஆரின்ர கொம்பனி எண்டு தண்ணிக்குத் தெரியுமே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தைத்தான் வைத்திருக்கிறேன். 'சிரித்த முகம்' என்று வேறு யாராவது எழுதட்டும்.

இன்று பின்னேரம் ஐந்து மணிக்கு மலர் அச்சுக்குப் போகிறது. இந்தப் பக்கத்தில் ஒரு வரியும் வெட்டக்கூடாது என்று காலையில் அச்சகத்தில் நேரில் சொல்லி, கடைசியில் சில வரிகள் மட்டும் சேர்த்துத் தருவேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு செயலாளர் ஏழு தரம் அழைத்துவிட்டார். தொலைபேசியை நிறுத்திவிட்டேன்.