சொந்த மகனிடம் நீட்டிய அடையாள அட்டை

என்னோடு வேலை செய்யும் அக்கா கதவைத் திறந்து, பெற்ற மகனிடம் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில், அவருடைய வீட்டில், ஒரு சனிக்கிழமை காலை. அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையை முடித்துவிட்டு இருவரும் அப்போதுதான் வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தோம். மணி அடித்தது. மகன் வருவான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாசலில் நின்றது சீருடை. அக்கா கைப்பையைத் திறந்து, அட்டையை உருவி, குனிந்த தலையோடு நீட்டினார். "அம்மா, நான்தான்" என்று அவன் சொன்ன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

ஊரில் யுத்த காலத்தில், ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த ஆமிக்காரர் அக்காவின் தம்பியை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டார்கள். அவன் திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தோடு ஓடிவந்தவர், இங்கே பெற்ற பிள்ளை ஜேர்மன் படையில் சேர்வான் என்று எங்கே நினைத்தார். அவனுக்குப் பொறியியல் படிக்க ஆசை. தகப்பன் இல்லாத வீடு, பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு உழைக்கப் போனவன். படையில் குறித்த காலம் இருந்துவிட்டு வெளியே வந்தால் விட்ட படிப்பையும் மேற்படிப்பையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று அறிந்ததும் போய்க் கையெழுத்து வைத்துவிட்டான். அக்கா தடுக்கவில்லை. அந்த உடுப்போடு வீட்டுப் படி ஏறக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

சீருடையில் வரும் படையினருக்கு ரயில் இலவசம். அதனால் உடுத்தபடியே ஏறுவான். பேர்லினில் இறங்கி, நிலையத்துக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவான். வருடக்கணக்காக இப்படித்தான். அந்தச் சனிக்கிழமை மாற்று உடுப்பு இருந்த பையை ரயிலில் மறந்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான்.

அதன்பிறகு அவன் வருவது குறைந்தது. லீவு இல்லை என்பான். இருந்திருக்கும். அக்காவும் வா என்று வாய் திறந்து கேட்கவில்லை. இவருக்கு அவன் சொன்னதையும் அவனுக்கு இவர் சொன்னதையும் தொலைபேசியில் காவிக் காவி நான் களைத்துப்போனேன்.

இப்போது அவன் படையை விட்டு வந்து, ஆஹென் நகரில் படித்து முடித்து, அங்கேயே பொறியியலாளராக இருக்கிறான். அரசாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, அதில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களும் மாறிவிட்டார்கள். ஆமிக்காரனின் தாய் என்று ஒரு காலத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்கள், இன்று கோயிலில் அவரைத் தேடி வந்து பிள்ளைகளைப் படையில் சேர்க்க எங்கே டேர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுப்பது, எந்த விண்ணப்பத்தை நிரப்புவது என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

போன மாதம் கோயிலில் ஒரு தாய் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். மகள் படையில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "விடலாமோ அக்கா?" என்று கேட்டார்.

"விடுங்கோ. படிப்பிப்பாங்கள், அதிலை பயமில்லை" என்றார் அக்கா. எழும்பப்போன அந்தத் தாயின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆனா வீட்டுக்கு வரேக்க உடுப்பை மாத்திப்போட்டு வா எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான் சொன்னனான். இப்ப அவன் எங்களைப் போலத்தான் உடுக்கிறான். வாறேல்லை."