விசிலுக்குப் பெயர் சொல்லத் தெரியாது

நடந்தவை இவை.

1. ஜூன் மாதம் என் கழுத்தில் தைராய்டு கட்டி இருப்பது தெரிந்தது.
2. ஆகஸ்டில் சென்னையில் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை.
3. கண் விழித்தபோது எனக்குக் குரல் இல்லை.
4. நவம்பரில் என் அணியில் ஆடும் சுமதிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.
5. மார்ச்சில் என் குரல் திரும்பி வந்தது.

சபையில் சொல்லும் சாட்சி என்றால் ஐந்தாவதைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நான்காவதைச் சொல்லாமல் ஐந்தாவதற்குப் போக எனக்கு மனம் வரவில்லை. சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் காலையில் பணிமனையில் லேத் சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில் பெண்கள் பேஸ்பால் அணிக்கு கோச். அதற்கு முன் ஒரு மாவட்ட கிளப்பில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினேன். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் இடம் அது. மாநில அணிக்கு என்னை ஒருமுறைகூட எடுக்கவில்லை. அந்த ஏமாற்றத்தோடுதான் கோச் வேலைக்கு வந்தேன். வந்த பிறகு வேறெந்த வேலையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வேலைக்குக் குரல் வேண்டும். பந்து உயரமாக எழும்பினால் இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்தபடியே அதைப் பிடிக்க ஓடுவார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு பெயரைக் கூப்பிடுவேன். பெயர் கேட்டவள் ஓட வேண்டும், மற்றவள் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். இது எங்கள் அணியின் பழக்கம்.

அறுவைக்குப் பிறகு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் நாண் ஒன்று அசையவில்லை என்றார் டாக்டர். சில மாதங்களில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். கல்லூரியில் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை பார்க்கலாம் என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் வேலை செய்யும் என் அம்மா பொருத்தனை செய்தார். மகளுக்குக் குரல் வந்தால் அதன் முதல் சத்தம் சபையில், கர்த்தருக்கு ஸ்தோத்திரமாக இருக்கும் என்று.

நான் விசிலுக்கு மாறினேன். ஒரு விசில் என்றால் ஓடு. இரண்டு என்றால் நில். பெண்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். ஒழுங்கான ஏற்பாடு என்றே நானும் நினைத்தேன்.

நவம்பரில் ஒரு மாலை பந்து நேராக மேலே போனது. ஒரு பக்கமிருந்து சுமதி, மறுபக்கமிருந்து கௌரி. இருவரும் "என்னுது! என்னுது!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். நிறுத்த வேண்டும். இரண்டு விசில் ஊதினேன். முதல் விசில் அவர்களுக்கு 'ஓடு' என்று கேட்டது. இன்னும் வேகமாக ஓடினார்கள். இரண்டாவது விசில் வந்தபோது மோதிவிட்டார்கள்.

கௌரியின் தலை சுமதியின் தோளில் இடித்தது. சுமதி எழுந்திருக்கவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லத்தான் அவளருகில் ஓடினேன். அதுவும் வரவில்லை.

சுமதி ஐயம்பேட்டைப் பெண். அப்பாவின் தறியில், கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுபவள் அவள்தான். எலும்பு சேர்ந்தது. கை பழையபடி எழவில்லை. பந்தும் போயிற்று, நாடாவும் போயிற்று.

அதற்குப் பிறகு என் ஜெபம் சுருங்கிவிட்டது. அதுவரை பாடகர் குழுவில் பாட வேண்டும், வேலை நிலைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தேன். இப்போது மதிய இடைவேளையில், மாணவர்கள் போன பிறகு, பணிமனையில் லேத் பக்கத்தில் முழங்காலிட்டு ஒன்றை மட்டும் கேட்டேன். ஆண்டவரே, ஒரு பெயரைக் கூப்பிடும் அளவுக்குக் குரல் கொடும். அவ்வளவு போதும்.

கிறிஸ்துமஸ் வந்தது. எல்லோரும் பாடினார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். பொங்கல் வந்தது. ஒன்றும் மாறவில்லை. விசுவாசத்தோடு இருந்தேன் என்று சொன்னால் அது பொய். பழகிப்போய் முழங்காலிட்டேன்.

மார்ச்சில் மறுபடியும் ஒரு பந்து அதேபோல மேலே போனது. ஒரு பக்கம் கௌரி, மறுபக்கம் புதிய பெண் திவ்யா. என் வாயில் விசில் இருந்தது. அதைத் துப்பியது நினைவிருக்கிறது.

"கௌரி, உட்காரு!"

பழக்கப்படி ஓட வேண்டியவளின் பெயரைத்தான் கூப்பிட வேண்டும்; வாயில் வந்தது இதுதான். கௌரி உட்கார்ந்தாள். திவ்யா அவளைத் தாண்டி ஓடினாள். பந்தை யாரும் பிடிக்கவில்லை. அது தரையில் விழுந்து உருண்டது.

கௌரிதான் முதலில் பேசினாள். "மேடம், கத்துனது நீங்களா?"

"நான்தான்."

"இன்னொரு வாட்டி கத்துங்க மேடம். நம்ப முடியல."

"அவள மட்டும் கூப்புட்டா எப்டி? எங்களயும் கூப்புடுங்க மேடம்" என்று மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அழுதுகொண்டே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தியும் "எஸ் மேடம்" என்று குதித்தாள். பழக்கத்தில் சுமதியின் பெயரும் வந்துவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து "அம்மா" என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார். பிறகு நடந்ததைக் கேட்டதும் முகம் மாறியது.

"சபைக்குன்னு நான் பொருத்தன பண்ணிக்கினா, நீ கிரவுண்டுல கொண்டு போய்க் குடுத்துட்டியேடி."

"தானா வந்துடுச்சிமா."

அம்மா முறத்தை மறுபடி கையில் எடுத்தார். "சரி வுடு. ஒரு புள்ளய காப்பாத்தத்தான வந்துச்சி. கர்த்தர் கோச்சிக்க மாட்டாரு. ஞாயித்துக்கெழம ரெண்டாவது சத்தத்தக் குடு."

சபைக்குப் போகும் முன் நான் ஐயம்பேட்டைக்குப் போனேன். சுமதி வாசலுக்கு வந்தாள்.

"வாங்க மேடம். குரல் வந்துடுச்சாமே, கௌரி போன்ல ஒரே அழுவாச்சி. எங்க, என்னக் கூப்புடுங்க பாக்கலாம்."

"சுமதி."

அவள் சிரித்தாள். "லேட்டு மேடம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். உள்ளே தறியில் அவளுடைய இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா உங்களுக்கும் சேத்துதான் வேண்டிக்கினாங்க" என்று சொல்லி சுமதி இடது கையால் காபி கொடுத்தாள்.

நரம்பு மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது என்கிறார் டாக்டர். மறுக்கவில்லை. ஆற வைத்தவர் யார் என்று நான் அறிவேன். ஆனால் அந்தக் குரல் ஏன் நவம்பரில் வரவில்லை? இதை அவரிடம் இன்றும் கேட்கிறேன். நன்றி சொன்ன அதே மூச்சில் கேட்கிறேன். அவர் என்னைத் துரத்தவில்லை.

உங்களில் யாராவது பெரிய ஜெபங்கள் செய்து களைத்திருந்தால், சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். உங்களுக்காக அல்லாமல், பக்கத்தில் ஓடும் ஒருவருக்காகக் கேளுங்கள். பதில் தாமதமானால் அந்த வருத்தத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள். நான் போக வேறு இடம் காணவில்லை.

இப்போதைய நிலை: குரல் கரகரப்பாக இருக்கிறது. பாட வரவில்லை, பெயர் கூப்பிட வருகிறது. வேலை நீடிக்கிறது. சுமதியின் வலது கை தோள் உயரத்துக்கு மேல் எழவில்லை. அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.