கர்த்தர் வேகத்தைக் குறைத்தார்

ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரியை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஸ்பேனர் பை, இடுப்பில் கழற்ற மறந்த, டவர் ஏறும் பாதுகாப்பு பெல்ட். பின்னால் அந்த மொட்டை மாடியும் அதில் நான் பூட்டிய ஆன்டெனாவும். திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஆன்டெனா பூட்டும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பியவன் நான். பசி, நடைபாதைத் தூக்கம் எல்லாம் பழகியதுதான். சூப்பர்வைசர் நீட்டிய காகிதம்தான் பழகவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி போட்ட வயர்லெஸ் இணைப்பில், வெயில் இறங்கினால் பிழை கொட்டியது. ஸ்கேன் படங்கள் பாதியில் நின்றன.

"குடிச்சிட்டுக் கோணலா பூட்டிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா இந்த ஊர்ல எந்த டவர்லயும் ஏற மாட்டே."

நான் குடிப்பதில்லை. "கையை வெட்டினாலும் போட மாட்டேன் சார்" என்று இறங்கிவிட்டேன்.

ஆஸ்டின் டவுனில் ஒரு சபை. சாயங்கால ஜெபக்கூட்டம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். "ஆண்டவரே, நேராகத்தான் பூட்டினேன். நீர் பார்த்தீர். ஏன் பேசாமல் இருக்கிறீர்?"

போதகர் அறிவிப்பு வாசித்தார். உயரமான கூரை, எதிரொலி. ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் விழுந்தது. முன் வரிசையில் ஒரு அம்மா, "ஐயா, ரயிலைப் பிடிக்கணுமா? மெதுவா சொல்லுங்க!" என்றார். சபையே சிரித்தது. அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் என்னிடம் வந்து சேர்ந்தது.

எழுந்து நின்றுவிட்டேன். வெயில் இறங்கி ஏரிமேல் காற்று குளிர்ந்ததும், தண்ணீரில் பட்டு வரும் சிக்னலும் இப்படித்தான் நேராக வருவதோடு மோதி மங்குகிறது. சூப்பர்வைசரோ, ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பெரிய வேகம் காட்ட, தகவலை நெருக்கி அடுக்கும் உச்ச மாடுலேஷனில், தானாக இறங்க விடாமல் ரேடியோவை லாக் செய்திருந்தார். ஒரே துடிப்பில் எட்டு பிட். மங்கினால் எது எதுவென்று தெரியாது. இன்ஜினியர்களுக்கு லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றே நான் கற்றது இவ்வளவுதான்.

வெளியே வந்து, கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர் மேரி அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, லாக்கை எடுத்துட்டு ரெண்டு பிட்டுக்கு இறக்குங்க."

"ஸ்பீடு படுத்துடும்பா."

"படுக்கட்டும். போய்ச் சேர்ந்தா போதும்."

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "எரர் ஜீரோ! ஆன்டெனாவை யாரும் தொடவே இல்லப்பா!"

அடுத்து சூப்பர்வைசர். "லெட்டர் வேணாம், வா."

"எனக்கு வேணும் சார். ஆன்டெனா நேரா இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுங்க."

லாக் செய்தது யார் என்று ரேடியோவிலேயே பதிவு இருந்தது. எழுதினார்.

என்னை நிமிர்த்தியவருக்கு ஸ்தோத்திரம். அதன்பின் நான் ஊர் மாறவில்லை. செய்யாத தப்புக்கு நீங்களும் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரரே, சகோதரியே. அவரிடம் சண்டையாவது போடுங்கள். கேட்கிறார்.

மறுநாள் காலை அதே மாடியில் வேலையைத் தொடங்கினேன். வேகத்தைத் திரும்ப ஏற்ற, முதல் ஆன்டெனாவுக்குக் கீழே இரண்டாவது ஒன்று. ஒன்றில் மங்கும் நேரம் மற்றதில் தெளிவாக வரும். அதையும் நேராகத்தான் பூட்டினேன்.