நீலச் சட்டை போடாதவர்

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஒரு வியாழக்கிழமை மாலை, குருவிகுளம் ஆபீஸில் நாள் பூராவும் டைப் அடித்துவிட்டு வந்து முகம்கூடக் கழுவவில்லை, அப்பா ஒரு பழைய நோட்டையும் ஒரு புது நோட்டையும் என் முன்னால் வைத்தார். பழையதில் என் ஜாதகம் இருந்தது. அதைப் பார்த்துப் புதியதில் நான் எழுத வேண்டும், ஒரே ஒரு மாற்றத்தோடு.

"ஜோசியர் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி கெடக்கு. நீ எழுதுனா முத்து முத்தா இருக்கும் மக்கா," என்றார்.

மாற்றத்தை ஜோசியர் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்திருந்தார். நான் பிறந்த நேரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். தள்ளினால் லக்னம் மாறும். ஏழாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாலு மாப்பிள்ளை வீட்டாரை விரட்டிய செவ்வாய், ஆறாம் இடத்துக்குப் போய்விடுவார். ஏழில் இருந்தால் தோஷம், கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். ஆறில் இருந்தால் ஒரு குற்றமும் இல்லை. தரகர் கொண்டு வந்திருந்த புது மாப்பிள்ளையின் ஜாதகம் சுத்த ஜாதகம், செவ்வாய் தோஷம் இல்லாதது. அப்படிப்பட்ட இடத்துக்கு என்னுடையதும் சுத்தமாகத்தான் போக வேண்டும்.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அப்பா.

எழுதினேன். அப்பா மிரட்டினார், அம்மா அழுதாள் என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். ஒன்பது செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து, துவரம் பருப்பு தானம் கொடுத்து எனக்கே அலுத்துப் போயிருந்தது. எழுதி முடித்து நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போனேன், இறங்கினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் மாடிக்குப் போனேன். உடம்புக்கு ஏதோ என்று நினைத்து அம்மா கோயில் புற்றுமண் எடுத்து நெற்றியில் பூசிவிட்டாள். மறுநாள் காலையிலேயே நோட்டு தரகர் கைக்குப் போனது. சனிக்கிழமைக்குள் பொருத்தம் பார்த்துவிட்டுத் திங்கள் காலை பெண் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்துவிட்டது.

இதற்கு நடுவில், வெள்ளிக்கிழமை, அண்ணன் ஒரு சூடான்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அண்ணனுக்கு உரக்கடை. ஆனால் அவன் உயிர் கடையில் இல்லை, ஊர்க் கால்பந்து கிளப்பில் இருந்தது. அதற்கு அவன்தான் செயலாளர். இளையரசனேந்தல் அணியிடம் மூன்று வருஷமாகத் தோற்று, தெருவில் தலைகாட்ட முடியாமல் இருந்தான். மதுரையில் படிக்கும் சூடான் நாட்டு மாணவர் ஒருவரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு எப்படியோ பேசி அழைத்து வந்துவிட்டான். வெளியூர் ஆளை இறக்குவது இங்கே வழக்கம்தான். வெளிநாட்டு ஆளை இறக்கியவன் எனக்குத் தெரிந்து எங்கள் அண்ணன் ஒருவனே. வந்தவர் நெட்டையானவர், நிதானமாகப் பேசுகிறவர். மதியம் அண்ணனே அவரைத் தொழுகைக்குக் கடையநல்லூர் அழைத்துப் போனான். அரபு நாட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஆட்களோடு அங்கே வாய் நிறையத் தன் பாஷை பேசிவிட்டுத் தெளிந்த முகத்தோடு வந்தார். எங்கள் வீட்டில் அவரோடு இங்கிலீஷ் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது.

சனிக்கிழமை காலை மாடிக் கொடியில் அவருடைய சிவப்புச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன சட்டைட்டி இது, இப்படிச் செவேல்னு கண்ணக் குத்துது?" என்று அம்மா கேட்டாள்.

தன் ஊர்க் கிளப்பின் சட்டை என்று அவர் சொன்னார். கிளப்பின் பேரைக் கேட்டேன். முதலில் அரபியில் சொன்னார். பிறகு, வானத்தில் சிவப்பாகத் தெரியுமே, அந்தக் கிரகம் என்று இங்கிலீஷில் விளக்கினார்.

"செவ்வாயாம்மா," என்றேன்.

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "நாம படுத பாடு போதாதுன்னு வீட்டுக்குள்ள இது வேறயா!"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவருக்குத் தன் கிளப்பைப் பற்றிப் பேச அதற்குமேல் யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. நைல் ஆற்றங்கரையில் பருத்தி விளையும் சின்ன ஊர். முதலில் அங்கே ஒரே கிளப்தான் இருந்திருக்கிறது, நீலச் சட்டையும் பிறை அடையாளமுமாக. அது கடை கண்ணி வைத்திருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுடையது. பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் அங்கே பந்து பொறுக்கிப் போடலாம், ஆட முடியாது. அவர்கள் ஒரு நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தனியாகக் கிளப் ஆரம்பித்தார்கள். பேர் வைப்பதில் சண்டை வந்தது. வானத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது, அதையே வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் சத்தம் போட்டார்களாம்: அது ரத்தத்துக்கும் சண்டைக்கும் உரிய கிரகம், கெடுதல் செய்யும். 'கெடுதல் எதிராளிக்குத்தானே' என்றார்களாம் பையன்கள். அம்மாக்கள் வெள்ளைச் சட்டைகளை ஒரே அண்டாவில் போட்டுச் சாயம் முக்கிக் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் வேர்வையில் சாயம் இறங்கி, பதினொரு பேரும் வீட்டுக்குச் சிவந்த முதுகோடு போனார்கள். அன்றிலிருந்து அந்த ஊரே இரண்டு. டீக்கடை இரண்டு, முடிவெட்டும் கடை இரண்டு. பெண் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி, நீங்கள் சிவப்பா நீலமா என்பதுதான்.

நாங்கள் பருப்பு கொடுத்துத் துரத்துகிற செவ்வாயை அவர்கள் நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

அன்று மாலை டெய்லரிடமிருந்து புதுச் சட்டைகள் வந்தன. அண்ணன் ஆசை ஆசையாகத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தவை. அத்தனையும் நீலம். சூடான்காரர் தன்னுடையதை வாங்கிப் பார்த்தார். ஒழுங்காக மடித்து, இருந்த இடத்தில் வைத்தார். வேறு எந்த நிறம் என்றாலும் சரி, இது வேண்டாம் என்றார்.

"ஏட்டி, என்ன சொல்லுதாரு?"

"நீலம் போட மாட்டாராம்."

அண்ணன் குதிக்க ஆரம்பித்துவிட்டான். "இங்கன அவரு ஊரு ஆளு ஒருத்தனாவது உண்டா? ஒரு நா போட்டாக் கொறஞ்சா போயிருவாரு? யாருக்குத் தெரியப் போகுது? கேளு, நல்லாக் கேளு!"

கேட்டேன். கேட்கும்போதே, அப்பா சொன்ன அதே வார்த்தை என் வாயில் வருவது எனக்கே கேட்டது. காது சுட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். அக்காவை ஒரு நீலக் கிளப் குடும்பத்துப் பையன் கேட்டு வந்தான். இவர்கள் அப்பா சிவப்பில் ஊறியவர், முடியாது என்றுவிட்டார். பையன் மறுநாளே ஒரு சிவப்புச் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அப்பாவுக்கு அப்போதுதான் நிஜமான கோபம். பெண்ணுக்காக இதை மாற்றுகிறவன் நாளைக்கு எதைத்தான் மாற்ற மாட்டான் என்று துரத்திவிட்டார். அடுத்த வருஷம் அதே பையன் நீலச் சட்டையோடேயே வந்து கேட்டான். கொடுத்துவிட்டார்.

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கோல்கீப்பர் மட்டும் வேற நிறம் போடணும்லா?" என்றேன்.

"கோல் அடிக்கக் கூட்டிட்டு வந்த ஆளக் கோல் காக்கச் சொல்லுதியா?"

"வேற வழி இருந்தாச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்ற சாக்கில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். இளையரசனேந்தல்காரர்கள் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கியிருந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரருக்குக் கோல் காக்கத் தெரியவே இல்லை. பந்து கைக்கு வந்தால் காலில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடிவிடுவார். திரும்பி வருவதற்குள் கோல் விழுந்துவிடும். இப்படி மூன்று விழுந்தது. நாலாவது தடவை யாரும் அவரைத் தடுக்க முடியவில்லை. மைதானம் முழுக்க ஓடிப்போய் எதிர்ப்பக்கம் ஒன்று போட்டார். ஊரே எழுந்து கத்தியது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அண்ணன் தொண்டை கட்டி, கோபப்படவும் முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் அவர் மதுரைக்குப் போனார். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும் தரகருமாக. காபி கொடுத்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கால்விரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு. எந்த ஜோசியரு அண்ணாச்சி?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நாந்தான் எழுதுனேன்," என்றேன். "நேரத்த மாத்தி எழுதுனேன். எனக்கு ஏழுல செவ்வாய்."

அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டார். காபி அப்படியே இருக்க எழுந்து போய்விட்டார்கள். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். அண்ணன் மட்டும், "உனக்கும் நீலம் ஒத்துக்கலையாக்கும்," என்றான். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

புதன்கிழமை தரகர் ஒரு பழைய நோட்டோடு வந்தார். மாப்பிள்ளையின் அசல் ஜாதகம். எட்டில் செவ்வாய். அவர்களும் நேரத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தோஷம் இருந்தால் ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். இரண்டு வீடும் உள்ளதை உள்ளபடி கொடுத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய காரியம். அப்பா புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மா ஓடிப்போய் விளக்கேற்றினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தரகர் வந்து சொன்னாப் போதாது. மாப்பிள்ளையே வந்து சொல்லட்டும்," என்றேன். அப்பா அன்றைக்கு என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

வியாழன், வெள்ளி, சனி. மாடிப்படி தேயும்படி ஏறி இறங்கினேன். ஞாயிறு மதியம் அவர் தனியாக வந்தார். வெயிலில் நடந்து வந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நடையில் நின்றுகொண்டே, உட்காரச் சொல்லும்வரைகூடக் காத்திராமல் சொன்னார்:

"எனக்கும் இருக்கு. எட்டுல. அன்னைக்கே சொல்ல வந்தேன், சொல்லாம விட்டுட்டேன். தப்புதான்."

"உள்ள வாங்க," என்றேன்.