புறவாசலில் ஒரு நாற்றுக்கூடாரம்

குவைத்தில் போர் மூண்ட வருஷம் என் கணவர் ஊர் திரும்பினார். பாலைவனம் தாண்டி வேறொரு நாட்டு முகாமில் கிடந்து, அங்கிருந்து விமானம் ஏற்றிவிடப்பட்டு, பம்பாயிலிருந்து ரயில் ரயிலாக மாறி ஆழ்வார்குறிச்சியில் வந்து இறங்கியவர் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும், சேர்ந்து இருந்த காலத்தைக் கூட்டினால் மாதக்கணக்கில்தான் வரும். ஆகவே என் வீட்டுக்கு வந்தது எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு மனிதர்.

நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டில் நான், அவர், என் மாமியார் என்று மூன்றே பேர். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரோ, சாயங்காலம் வரும்போதும் அதே நாற்காலியில்தான் இருப்பார். தெருவில் உள்ளவர்கள் முதலில் ஆவலாக வந்தார்கள். "குண்டு விழுந்ததப் பாத்தீரா வே?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் நின்றுபோனார்கள்.

"உசுரோட வந்தானே, அது போதும்" என்பார் மாமியார். போதும் என்று எனக்கும் தோன்றும். ஆனால் ராத்திரி சாப்பாட்டின்போது தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவரோடு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது? அவர் அங்கே ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை பார்த்தார் என்பது தெரியும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அடுத்த ஆவணியில் ஏதோ பயிற்சி வகுப்புக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். திரும்பும்போது வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு எதிரே ஒரு விதைக்கடை. பஸ் வருகிற பாடாக இல்லை. சும்மா போய்ப் பார்த்தேன். தக்காளி விதை, மிளகாய் விதை, அட்டையில் இருந்த படத்தின் அழகுக்காகவே ஒரு பொட்டலம் குடைமிளகாய் விதை என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் புறவாசலில் கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் வெற்றிடம் கிடந்தது. வீட்டில் ஏதாவது ஒன்று வளரட்டுமே என்ற எண்ணம்தான்.

மறுநாள் விடுமுறை. களைக்கொத்தியால் மண்ணைக் கீறிவிட்டு, தக்காளி விதையைக் கோலப்பொடி மாதிரித் தூவிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இப்படித் தூவினா எறும்புக்குத்தான் சோறு" என்றார்.

"பெறகு எப்படிப் போடணும்?"

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவளை மாமியாரின் சத்தம் எழுப்பியது. "ஏலே, அது மாவு சலிக்குத சல்லடைலே! அதுல போயி மண்ண அள்ளிப் போடுதியே!"

எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செம்மண் சலித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குவியல் மக்கிய சாணி உரம், இன்னொரு குவியல் கடனாநதி மணல். மூன்றையும் கலந்து கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கினார், பிறகு விரலால் தட்டினார். உருண்டை உதிர்ந்தது. அந்த உதிர்வைப் பார்த்து அவர் முகத்தில் வந்த திருப்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மூங்கிலைப் பிளந்து சீவிய பிளாச்சுகளை வில்லாக வளைத்து ஊன்றினார். அம்பாசமுத்திரம் போய் சைக்கிள் கேரியரில் பாலித்தீன் தாள் சுருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டில் அகலத்தில், ஆள் குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு கூடாரம் எழுந்தது. நாலு பக்கமும் தாளை இறக்கி, காற்றுப் புகாமல் மண்ணை அணைத்தார்.

"நாத்துக்குத் தனித்தனியா கிண்ணம் வேணும். வேர் அறுபடாம எடுத்து நடணும்" என்றார். கிண்ணத்துக்கு எங்கே போவது? என்னிடம் இருந்தது பழைய பரீட்சைத் தாள்கள்தான். தாளைத் தம்ளரில் சுற்றி, அடியை மடித்து உருவினால் அழகான கிண்ணம். சாயங்காலங்களில் நாங்கள் இரண்டு பேரும் நடுவீட்டில் உட்கார்ந்து கிண்ணம் சுற்றினோம். நடுவே ஒரு தாளை விரித்து வாசித்தார். "பசு நமக்குப் பால் தரும். பசு நமக்குத் தயிர் தரும். பசு நமக்கு மோர் தரும்... ஏளா, இதுக்கு நீ எத்தன மார்க் போட்ட?" அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

மிளகாய் விதை சீக்கிரம் முளைக்காது என்று ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்புத் திட்டின் ஓரத்தில் சூட்டுக்கு வைத்தார். மாமியார் அதைப் புளி முடிச்சு என்று நினைத்துக் குழம்புக்கு எடுத்துவிட்டது தனிக் கதை. நல்ல வேளையாகக் கரைப்பதற்கு முன் பிரித்துப் பார்த்துவிட்டார்.

தக்காளி முதலில் வந்தது. வளைந்த கழுத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மறுநாள் இரண்டு இலையை விரித்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் குனிந்து உள்ளே போய்ப் பார்ப்பேன். உள்ளே ஒரு மண் வாசனை, கண்ணாடிபோட்ட மாதிரி வெளிச்சம். மிளகாயும் தலைகாட்டத் தொடங்கிய நேரம், ஒருநாள் அவர் மூங்கில் வாங்கக் கடையம் போனார்; வெயில் ஏறும்போது தாளின் ஓரத்தைத் தூக்கிவிட ஆள் இல்லை. அன்றைக்கு வெயில் புரட்டாசி வெயில் மாதிரி இல்லை, அக்னி நட்சத்திரம் மாதிரி அடித்தது. சாயங்காலம் வந்து கூடாரத்தின் தாளைத் தூக்கினேன். இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அறைந்தது. உள்ளே ஒரு நாற்றுகூட நிற்கவில்லை. எல்லாம் அவித்த கீரையாக மண்ணில் ஒட்டிக் கிடந்தன.

அவர் வந்ததும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே புறவாசலுக்குப் போனார். கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அங்கயும் இப்படித்தான் செத்திருக்கும்" என்றார்.

"எங்க?"

அப்போது சொன்னார். அவர் வேலை பார்த்த பண்ணையில் கப்பல் மாதிரி நீளமான பிளாஸ்டிக் வீடுகள். வெளியே நிற்க முடியாத வெயிலில், உள்ளே பெரிய பெரிய காற்றாடிகள் சுழன்று ஈரக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அதில் குடைமிளகாய்க்கும் தக்காளிக்கும் நாற்று விடுவதுதான் அவருக்கு வேலை. போர் வந்தபோது நாற்றுகள் இரண்டு இலை விட்டிருந்தன. முதலாளி குடும்பம் போய்விட்டது. கூட இருந்தவர்களும் வண்டி பிடித்துக் கிளம்பினார்கள். அன்றைக்குக் கரண்டு நின்றது, காற்றாடி நின்றது.

"வண்டியில ஏறுன்னு கத்துதானுக. நான் ஓடிப்போயி கத்திய எடுத்து, தாள வரிசையா கிழிச்சுவிட்டேன். காத்தாவது வரட்டும்னு. குழாயையும் தொறந்துவிட்டேன். எல்லாத்தையும் கிழிக்க நேரமில்ல. பாதி வீடு மூடித்தான் கெடந்துச்சு. மனுசன் உசுருக்கு ஓடுத நேரத்துல நாத்துக்கு அழுதேன்னு யாருகிட்டப் போயி சொல்ல? சிரிப்பானுக."

"நான் சிரிக்கல" என்றேன்.

அவர் அழுதார். நான் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த மாமியார் இரண்டு தம்ளர் காப்பியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் போனார்.

காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். சமையலறையிலிருந்து கத்தியை எடுத்து வந்து, கூடாரத்தின் நாலு பக்கத் தாளையும் இடுப்பளவுக்கு அறுத்து எறிந்தார். "இது நம்ம ஊரு. இங்கன அடைச்சு வைக்கக் கூடாது. மழைக்கு மேல மட்டும் மூடினாப் போதும்" என்றார். பக்கங்களுக்கு வீட்டிலிருந்த பழைய கொசுவலையைக் கட்டினோம். உச்சி வெயிலுக்கு மேலே போட்டு எடுக்கத் தென்னங்கீற்று. மறுபடியும் மண் சலித்தோம். மறுபடியும் கிண்ணம் சுற்றினோம். அவர் பொட்டலங்களில் பாதி விதையை மிச்சம் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மொத தடவையே எல்லாத்தையும் போட்டுட்டா பெறகு எத வச்சுப் போராடுதது?" என்றார்.

பக்கத்துத் தெருவில் ஒரு விவசாயி அண்ணாச்சி இருந்தார். மலையடிவாரத்தில் தோட்டம். வருஷாவருஷம் தக்காளியும் மிளகாயும் போடுவார். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன வே இது, கொசுவலையெல்லாம் கட்டிக் கல்யாணப் பந்தலு? மாப்பிள்ளை யாரு?" என்றார்.

"தக்காளிதான் அண்ணாச்சி" என்றார் என் கணவர். தெருக்காரர் ஒருவருக்கு அவர் நின்று பதில் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பொதிகை மலை இருக்கிற திசையே தெரியவில்லை. ஆற்றில் செந்தண்ணீர் போயிற்று, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். கூடாரத்தின் மேல்தாளில் தண்ணீர் தேங்கித் தொப்பைபோலத் தொங்கும். அவர் உள்ளேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் தள்ள, நான் வெளியே குடை பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, தண்ணீர் மொத்தமும் என் தலையில் விழும். சாரல் அடித்த ஓரத்து வரிசையில் சில நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. அவற்றை உடனே பிடுங்கிவிட்டு, பைய மற்றதையெல்லாம் நடுவுக்கு நகர்த்தினோம். மண் காயட்டும் என்று தண்ணீரே காட்டவில்லை. மிச்சமெல்லாம் நின்றன. பரீட்சைத் தாளின் நீல மை கரைந்துபோயிருந்தது, கிண்ணத்தின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

மழை ஓய்ந்து வானம் வெறித்த ஒரு காலையில் அந்த அண்ணாச்சி வந்தார். இந்த முறை வேலியோடு நிற்கவில்லை, உள்ளே வந்தார். அவருடைய நாற்றங்கால் தண்ணீரில் நின்று முழுக்க அழுகிவிட்டதாம். கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"டீச்சர், இது பூராவும் உங்க வீட்டுக்கா?" என்று என்னிடம் கேட்டார். கணவரிடம் கேட்கக் கூச்சம்போல.

நான் கணவரைப் பார்த்தேன். "கொண்டு போங்க அண்ணாச்சி" என்றார் அவர். "ஆனா நடும்போது நானும் வாரேன். கிண்ணத்தோட வைக்கணும். பிச்சு எடுத்திரக் கூடாது."

"வாரும் வே, வாரும்! ஒம்மத்தான் கூப்பிட வந்தேன்."

அப்படித்தான் அவர் நாற்காலியை விட்டு ஊருக்குள் போனார். நட்ட அன்று போனார். பிறகு களை எடுக்கிறார்கள் என்று போனார், பூச்சி விழுந்திருக்கிறது என்று போனார். வந்து தோட்டத்துக் கதை சொல்வார். தை பிறந்ததும் கூடை கூடையாகத் தக்காளி வீட்டுக்கு வந்தது. நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே ஒரு குடைமிளகாய்ச் செடியும் காய்த்தது. மாமியார் அதைப் பொரித்துத் தின்றுவிட்டு, "என்னலே இது, மிளகாய்ங்கான், ஒறைக்கவே மாட்டேங்கு" என்று ஏமாந்துபோனார்.

அந்த மாதமே பழைய சிநேகிதர் ஒருவர் வந்து, குவைத்துக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள், இவர் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் 'போகாதீங்க' என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம். போவதும் இருப்பதும் அவராகத் தீர்மானிக்க வேண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீயும் வந்து பாரேன்" என்று என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வரிசை வரிசையாகத் தக்காளி, அதற்கு அப்பால் பச்சையும் சிவப்புமாக மிளகாய். அண்ணாச்சி என்னை நிற்கவைத்து ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினார். என் கணவர் அதற்குள் தூரத்தில் யாரோ இரண்டு பேரிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களும் அடுத்த புரட்டாசிக்கு நாற்று கேட்டு வந்தவர்களாம்.

திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. செங்கோட்டை வண்டி வரவேண்டும். சைக்கிளை ஒரு காலால் ஊன்றிக்கொண்டு நின்றவர் திரும்பாமலே பேசினார்.

"மூங்கிலு போன வருசத்தப்போல மூணு பங்கு வேணும். புறவாசல் வேப்ப மரத்துக் கெளையக் கொஞ்சம் வெட்டினா கூடாரத்த வேலி வரைக்கும் நீட்டலாம். அம்மா சம்மதிப்பாளா?"

"அப்போ குவைத்து?"

"ஆமா, அதுக்கும் பதில் சொல்லணும்" என்றார். "வரலன்னு சொல்லிருதேன்."

ரயில் சத்தமாகக் கடந்துபோனது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு குழந்தை கையசைத்தது. நான் பதிலுக்குக் கையசைத்தேன். அவரும் ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து அசைத்தார். கேட்காரர் கதவைத் தூக்கினார், நாங்கள் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனோம்.