நடுவிலிருந்து வரும் குரல்

ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுகிறார். பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டாருக்கென்று ஒதுக்கிய சிறிய அறை. எண்ணெயும் சூடேறிய இரும்பும் கலந்த வாடை. கீழே யாரோ பொத்தானை அழுத்த, சக்கரம் சுற்றி நிற்கிறது. "இடது பக்கத்து பேரிங் முனகுது. இன்னும் ரெண்டு மாசம் தாங்கும். அதுக்கு மேல கெஞ்சினாலும் ஓடாது," என்கிறார், பக்கத்தில் யாருமில்லாதபோதும்.

ஊரில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் டெஸ்டர், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு டார்ச், அளவுகள் குறித்த கசங்கிய காகிதங்கள். அவர் வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடாது. மின்விசிறி சத்தம் போட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலைத் தேடுவார். சமையலறையில் மிக்ஸி ஓடும்போது கூடத்திலிருந்தே, "பாரம் அதிகம், பாதியை எடு," என்பார். அவர் சொன்னது சரியாகவே இருப்பதுதான் மனைவிக்கு எரிச்சல். "மெஷின் முனகினா ஓடி வருவார். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு 'ம்'தான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதற்கும் அவர் ஒரு 'ம்' போடுவார்.

ஒரே மகள். படித்து, நல்ல வேலையில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் அதை உதறிவிட்டு, பிறமொழிப் படங்களுக்குக் குரல் கொடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் நிமிராமலே, "எவளோ வாயசைப்பா, நீ பின்னாடி நின்னு பேசுவியா? இதுக்குத்தான் படிச்சியா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட கையோடு தண்ணீர்ச் செம்பையும் நீட்டச் சொன்னார். அவள் செம்பை நீட்டினாள். அடுத்த வாரம் பெட்டியோடு கிளம்பினாள். அதன்பின் இரண்டு வருடம் அப்பாவோடு பேச்சில்லை.

அம்மாவோடு உண்டு. வாரத்துக்கு மூன்று முறை கைபேசி அடிக்கும். அடித்ததும் லிஃப்ட்காரர் எழுந்து வெளியே போவதற்குச் செருப்பைத் தேடுவார். கண் முன்னால் கிடக்கும் செருப்பு அவருக்கு அகப்படப் பேச்சு முடியும்வரை ஆகும். அறைக்குள்ளிருந்து மனைவியின் பாதிப் பேச்சு மட்டும் வரும்: "அப்படியா... எப்போ?... குளிருதா அங்க?" மறுபாதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். பிறகு, "என்னவாம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

"நீங்களே கேக்கறது. நம்பர் மாறல," என்பாள் மனைவி.

"எனக்கென்ன, சும்மா கேட்டேன்."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டிவியில் ஏதோ மொழிமாற்றுப் படம். கடைக்காரப் பெண்ணாக வந்த ஒருத்தி, "மீதிச் சில்லறையை மறந்துட்டுப் போறீங்களே," என்றாள். மனைவியின் கை இஸ்திரிப் பெட்டியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. "ஏங்க, நம்ம புள்ளைங்க!"

அவர் அதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தார். ஆனால் அந்தப் பெண் அதற்குள் கடைக்குள் போய்விட்டாள். படம் முடியும்வரை மறுபடி வரவேயில்லை.

அவர்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் என்று ஒன்று பத்து வருடமாக இருக்கிறது. சுற்றிலும் நான்கு சின்ன ஸ்பீக்கர்கள், மூலையில் கனத்த ஓசைக்கென்று ஒரு வூஃபர், டிவிக்குக் கீழே நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்று. அந்தச் சோப்புப் பெட்டியிலிருந்துதான் மகளின் குரல் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, தகர டப்பாவுக்குள்ளிருந்து தட்டியது என்று சொல்லலாம். அன்று முழுக்க லிஃப்ட்காரருக்கு நிலைகொள்ளவில்லை. குரல் அவளுடையதுதான், ஆனால் அவள் அதில் முழுசாக இல்லை.

அவர் பராமரிக்கும் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஒலிக்கருவிகள் விற்கும் கடை உண்டு. லிஃப்ட் நின்றாலொழிய அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், மறுநாள் தானாகப் போய் நின்றார். கடைக்காரர் விளக்கினார்: "பாட்டு, இடி, மழை, கார் ஓடறது எல்லாம் சுத்தி இருக்கற ஸ்பீக்கர்ல வரும். ஆனா மனுஷன் பேசறது முக்காவாசி நடுவுல இருக்கறதுலதான். அது சின்னதா இருந்தா பேச்சு நசுங்கிடும். பெருசா போடுங்க, மூச்சு விடறதுகூடக் கேக்கும்."

"மூச்சு விடறதுகூடவா?"

"வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தார். அரை மணி நேரம், முன்பின் தெரியாத யார் யாரோ பேசுவதைக் கேட்டார். அந்த வார இறுதியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெட்டியைத் தூக்கிவர உதவிக்கு வந்த மச்சினன், மாடிப்படித் திருப்பத்தில் மூச்சிரைக்க நின்றான். "மச்சான், இது ஸ்பீக்கரா? உள்ள ரெண்டு பேர் படுத்துத் தூங்கலாம் போலிருக்கே! தெருவுக்கே படம் காட்டப் போறீங்களா?"

"செய்தி சரியா கேக்க மாட்டேங்குது."

"செய்திக்கு இவ்ளோ பெருசா? அப்படி என்னதான் சொல்றாங்க செய்தில?"

கதவைத் திறந்து பிடித்திருந்த மனைவி, தம்பியைப் பார்த்துக் கண்ணால் அடக்கினாள். அவளுக்குத் தெரியும்.

பெட்டி வந்துவிட்டது, இடம்தான் இல்லை. டிவி அலமாரியின் கீழ்த்தட்டு முப்பது அங்குலம். ஸ்பீக்கர் முப்பத்துமூன்று. டிவிக்கு முன்னால் நிறுத்தினால் படத்தின் கால்வாசி மறைந்தது. டிவிக்கு மேலே சுவரில் மாட்டலாம் என்றான் மச்சினன். அப்படிச் சற்று நேரம் தூக்கிப் பிடித்து ஓட்டிப் பார்த்ததில், செய்தி வாசிக்கிற பெண் வானத்திலிருந்து அசரீரி சொல்வதுபோல் இருந்தது. "வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். சரிப்படாது," என்று தள்ளிவிட்டார் லிஃப்ட்காரர். தோள்வலியோடு வீட்டுக்குப் போன மச்சினன் ஒரு வாரம் தலைகாட்டவில்லை.

கீழ்த்தட்டைப் பக்கத்துக் கண்ணாடி அறையிலிருந்து பிரிக்கும் நடுப்பலகையை அறுப்பதைத் தவிர வழியில்லை. அது மனைவி பார்த்துப் பார்த்துச் செய்த அலமாரி. கண்ணாடிக் கதவுக்குள் எடுத்துப் புழங்காத கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாள். அவர் ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் எதற்கும் அனுமதி கேட்டறியாதவர்.

"அறுங்க," என்றாள். கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள்.

பலகையை அறுத்து, மேல்தட்டு தொய்யாமலிருக்க அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, பெட்டியை உள்ளே தள்ளினார். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு நாள் யோசித்தார். முன்பக்கம் தட்டின் விளிம்புக்குச் சமமாக வரும்படி இழுத்து வைத்ததும் கிணறு போயிற்று. அடியில் பலகை அதிர்ந்தது. லிஃப்ட் மோட்டாருக்குக் கீழே வைக்கும் கனத்த ரப்பர் கட்டைகளில் நான்கை வைத்ததும் அதிர்வு அடங்கியது. இன்னும் குரல் முழங்காலுக்குத்தான் வந்தது, காதுக்கு வரவில்லை. முன்னால் ஆப்பு வைத்துப் பெட்டியின் முகத்தை மேலே நிமிர்த்தினார். ஸ்பீக்கரிலிருந்து சோபாவுக்கு ஒரு நூலைக் கட்டி, மனைவியை உட்கார வைத்து நூல் முனையை அவள் காதோரம் பிடித்தார்.

"என் காது எதுக்கு? உங்க காதுக்கு வைங்க."

"நீயும்தானே கேக்கப் போறே. அசையாதே."

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் இவ்வளவு பக்கத்தில் வந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரித்தால் நூல் ஆடும்.

அடுத்த முறை மகள் கூப்பிட்டபோது, பேசி முடித்த மனைவி, செருப்பு தேடிக்கொண்டிருந்தவர் காதில் விழும்படி அலமாரியிடம் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு படம் போடறாங்களாம். விமானம் ஓட்டற பொண்ணுக்கு நம்ம புள்ளதான் பேசியிருக்காளாம். படம் முழுக்க வருவாளாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்கே லிஃப்ட்காரர் குளித்து, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியைக்கூட நிறுத்தினார். வியர்த்து வழிந்தது, மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

விமான அறைக்குள் உயரமான ஓர் அந்நிய தேசத்துப் பெண் வந்து உட்கார்ந்தாள். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். மகள் பேசினாள்.

கூடத்தின் நடுவில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அதட்டினாள், கேலி செய்தாள், ஒரு முறை பயந்துபோய் மெதுவாக எண்ணினாள். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அவள் உதட்டை நனைத்துக்கொள்வதுகூடக் கேட்டது. மனைவி முதலிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். அவர் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். படத்தில் விமானம் எங்கே போகிறது, யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. மகள் நடக்கப் பழகிய நாளில்கூட அவர் எந்த மாடியிலோ மோட்டாருக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். இப்போது ஓர் எழுத்தும் தவறவிடாமல் கேட்டார்.

பாதிப் படத்தில் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"அவளுக்குத் தொண்டை சரியில்லை."

"என்னங்க சொல்றீங்க? நல்லாத்தானே பேசறா."

"இல்லை. 'அ', 'ஆ'ன்னு ஆரம்பிக்கிற வார்த்தைக்கு முன்னால ஒரு சின்னத் தடுக்கல் இருக்கு, பாரு. மறைச்சு மறைச்சுப் பேசறா. வலி இருக்கு." "கூப்பிடு. டாக்டர்கிட்டப் போனாளான்னு கேளு."

"இது எப்பவோ பேசினதுங்க."

"கூப்பிடுன்னா கூப்பிடேன்."

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவி கூப்பிட்டாள். இந்த முறை கைபேசியின் ஸ்பீக்கரை அழுத்திவிட்டுத்தான் அதை முகத்துக்கு எதிரே பிடித்தாள். "ஏண்டி, இந்தப் படத்துக்குப் பேசும்போது உனக்குத் தொண்டை சரியில்லையா?"

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். "ஆமாம்மா! பத்து நாள் உயிர் போச்சு. வெந்நீரைக் குடிச்சுக் குடிச்சுப் பேசி முடிச்சேன். ஸ்டுடியோவுல ஒருத்தருக்கும் தெரியல. டைரக்டரே கண்டுபிடிக்கல. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கடி தெரிஞ்சுது. உங்கப்பா சொன்னாரு."

டிவியிலிருந்த மகள் யாருக்கோ கட்டளை இட்டுக்கொண்டிருந்தாள். கைபேசியிலிருந்த மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இரண்டு குரலுக்கும் நடுவில் லிஃப்ட்காரர் சோபா விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றாள் மகள் கடைசியில்.

லிஃப்ட்காரர் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் போய், சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். டிவியும், சுற்றியிருந்த நாலும், மூன்று வாரமாக அவர் அறுத்தும் அளந்தும் உட்கார வைத்திருந்த நடுப்பெட்டியும் ஒன்றாக அடங்கின. பிறகு உள்ளங்கையை வெளுத்த சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, மனைவியிடம் கையை நீட்டினார்.