இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு பாய்லரும்

ரயில்வே குடியிருப்பில் அவருக்குப் பெயர் சின்ன மாப்பிள்ளை. மாமியார் வீட்டில் விழுந்த பெயர் லோகோ ஷெட்டுக்குள் எப்படியோ நுழைந்து, கடைசியில் ஃபோர்மேன்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காரணம், அதே ஷெட்டில் பெரிய மாப்பிள்ளையும் இருந்ததுதான். அக்காளைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவர் இவர். இரண்டு பேருமே நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். பெரியவர் கையில் எண்பத்து நான்கு, இவர் கையில் எண்பத்து மூன்று. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்த எஞ்சின்கள். எண்ணை மறைத்துவிட்டால் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது.

மாமியார் வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி பெரியவருக்கு. இவருக்குக் கதவோரத்து ஸ்டூல். கதவைத் திறக்கிறவர்கள் எல்லாம் இவர் முதுகில் இடித்துவிட்டுத்தான் பெரியவரிடம் நலம் விசாரிப்பார்கள். சின்னவருக்கு வயிறு எரியும், வெளியில் காட்ட மாட்டார். அதற்கெல்லாம் சேர்த்து ஈடுகட்ட அவருக்கென்று ஒன்று இருந்தது. மேட்டுப் பாதையில் எண்பத்து மூன்றுக்கு மூச்சு வாங்காது. பின்னால் எத்தனை பெட்டி மாட்டினாலும் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கும். எண்பத்து நான்கோ பாதி மேட்டில் நின்று, நீராவி சேர்த்துக்கொண்டு, மறுபடி கிளம்பும்.

"என்ன சகல, வண்டிக்கு ஆஸ்துமாவா?" என்று கேட்பார் இவர். அதைக் கேட்பதற்காகவே அவர் வேலைக்குப் போய்வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு வருஷம் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்தாற்போலப் பட்டறைக்குப் போயின. அக்கக்காகப் பிரித்துப் பழுதுபார்த்துத் திரும்பி வந்தபின், எண்பத்து மூன்று பழைய எண்பத்து மூன்றாக இல்லை. சின்னவர் முதலில் கரியைத் திட்டினார். பிறகு தண்ணீரை. பிறகு கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனை. அதே மேட்டில் எண்பத்து நான்கு பூப்போல ஏறிப் போனது.

"என்ன சகல, ஆஸ்துமா உனக்குத் தொத்திக்கிச்சா?" என்றார் பெரியவர். இவருக்குக் காதில் புகை வந்தது.

டீசல் வந்தது. நீராவி எஞ்சின்களையெல்லாம் ஷெட்டில் சொல்கிற மாதிரி கண்டம் செய்து, அதாவது உதவாதென்று தள்ளி, பழைய இரும்பாக விற்றுவிட முடிவானது. ஒன்றே ஒன்றை மட்டும் ஊர்ப் பூங்காவில் நினைவாக வைப்பார்களாம். அதிகாரிகள் இரண்டு எஞ்சின்களையும் பற்றவைத்துப் பார்த்தார்கள். எண்பத்து நான்கின் பாய்லர் குறையில்லாமல் இருந்தது. எண்பத்து மூன்று எல்லா மூட்டிலும் சீறியது. எண்பத்து மூன்றைத் துண்டுபோட்டு லாரியில் ஏற்றினார்கள். எண்பத்து நான்குக்குக் கறுப்பு வண்ணமும், சிவப்புப் பட்டையும், மேலே ஒரு கொட்டகையும் கிடைத்தன.

அதன் பக்கத்தில் பெரியவர் கைகட்டி நிற்கும் படம் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஏறியது. ஸ்டூலில் உட்கார்ந்தால் நேர் எதிரே அதுதான் தெரியும்.

"உங்க வண்டியையும் வெச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்ல?" என்று மனைவி ஒருமுறை சொல்லிவிட்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் அன்று அவளோடு பேசவில்லை.

ஓய்வு பெற்றபின் பெரியவர் தினமும் மாலையில் பூங்காவுக்குப் போய், எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கதை சொன்னார். சின்னவர் கடைக்குப் போவதென்றால்கூட அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனார். ஆனால் எண்பத்து நான்கின் சேதி எல்லாம் அவருக்கு அத்துப்படி. புகைபோக்கி துருப்பிடித்ததும் தெரியும், ஓட்டுநர் அறைக்குள் ஆடு குட்டி போட்டதும் தெரியும். காற்றில் கொட்டகைக் கூரை பறந்தபோது இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார். அதன்பிறகு மழை பெய்யும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, நல்ல மழை, நல்ல மழை என்று ரசிப்பார்.

கடைசியில் அந்த இடத்தை வண்டி நிறுத்துமிடமாக்க நகராட்சி நினைத்தது. வேண்டாமென்று சிலர் மனுக்கொடுத்தார்கள். எஞ்சினைத் திரும்ப ஓடவைக்க முடியுமென்றால் விட்டுவைக்கலாம், முடியாதென்றால் இரும்புக் கடைக்கு என்று முடிவு செய்து, விசாரித்துவர ஓர் இன்ஜினீயரை அனுப்பினார்கள். அந்த வகை எஞ்சினை ஓட்டியவர்களில் உயிரோடு இருந்தது மாப்பிள்ளைகள் இருவரும்தான். பெரியவர் சொந்த வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று இன்ஜினீயர் நேரே சின்னவர் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, நீங்க அந்த வண்டியை ஓட்டினவர் இல்ல. அதான் உங்ககிட்ட நியாயமா ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன். அந்த பாய்லர் தாங்குமா?"

சின்னவர் வாழ்க்கையில் முதல்முறையாக மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தது போல உணர்ந்தார்.

"நல்லா கேட்டீங்க தம்பி. அது ஆரம்பத்துலருந்தே உருப்படாத பாய்லர். பாதி மேட்டுல நின்னு மூச்சு வாங்கும். அதை நம்பிப் பத்தவெச்சா பூங்காவே பறந்துரும்."

"நிச்சயமாவா?"

"எத்தனை வருஷம் பக்கத்துலயே பாத்தவன் நான்."

அவ்வளவுதான். எண்பத்து நான்கும் கண்டமானது.

வெட்டுகிற அன்று சின்னவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் மிதிக்காத தெரு வழியாகவே பூங்காவுக்குப் போனார். பெரியவர் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னவர் அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

கேஸ் கட்டர்காரர் முதலில் பாய்லரின் சட்டையைக் கழற்றினார். சூடு வெளியே போகாமல் மேலே போர்த்தியிருக்கும் தகரத்தைத்தான் சட்டை என்பார்கள். பட்டறைக்காரர்களைத் தவிர யாரும் அதற்கு அடியில் பார்த்திருக்க மாட்டார்கள். தகரம் விழுந்ததும், பாய்லரின் இடுப்பில், பிறந்தபோது தொழிற்சாலையில் அடித்த எண் தெரிந்தது.

83.

சின்னவர் எழுந்துபோய்க் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். துடைக்கத் துடைக்க மூன்று மூன்றாகவே இருந்தது.

"சகல, இது என் பாய்லர்."

"ஆமா." பெரியவர் பெஞ்சைவிட்டு நகரவில்லை. "ரெண்டு வண்டியும் சேந்து பட்டறைக்குப் போச்சே, அப்ப மாத்தினது. மேஸ்திரிகிட்ட நான்தான் சொல்லி மாத்தச் சொன்னேன்."

"ஏன்?"

"ஏனா? மேட்டுல நீ தலையை வெளிய நீட்டி, என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே போவியே. வீட்டுக்கு வந்தா எனக்கு சோறு எறங்காது. மாமியார் வீட்டு நாற்காலியாடா பெருசு? மேட்டுல நிக்காம ஏறிக் காட்டணும்னு இருந்துச்சு எனக்கு."

சின்னவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறொன்று.

"அப்ப என் வண்டிதான் நல்ல வண்டின்னு ஒத்துக்கறே."

"பாய்லர் மட்டும்." பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்ஜினீயர் உன் வீட்டுக்கு வந்தாராமே. என்ன சொன்னே?"

சின்னவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சரி விடு," என்றார் பெரியவர். "என்னுதுன்னு நெனச்சு சொல்லியிருப்பே."

கட்டரின் வாயில் நீலத் தீ பற்றியது. "கொஞ்சம் இருப்பா," என்று சின்னவர் கையைத் தூக்கினார். கட்டர்காரர் கண்ணாடியை உயர்த்தி, என்ன என்பதுபோலப் பார்த்தார். இந்த பாய்லர் உருப்படாதது என்று சின்னவரேதான் எழுதாத குறையாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"அந்த நம்பரை மட்டும் தனியா வெட்டிக் குடு," என்றார்.

உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டிய விளிம்பில் இரும்பு கனமாக, உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லாமல் பளபளத்தது. இன்னும் எத்தனையோ வருஷம் தாங்கியிருக்கும். அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சூடு முழுக்க ஆறுமுன்பே அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில்தான் பெரியவரின் துணிப்பை புடைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

வீட்டில் மனைவி அந்தத் தகட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதையா தூக்கிட்டு வந்தீங்க? அக்கா இப்பத்தான் போன் பண்ணினா. அவங்க வீட்டுக்காரர் விசிலைக் கொண்டு வந்திருக்காராம். பித்தளையாம்."

அவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, எண்ணின் பள்ளங்களைத் துடைக்க ஆரம்பித்தார். எட்டு சுத்தமானது. மூன்றுக்கு வந்தபோது கை நின்றது.

"எந்த விசிலு?" என்றார். "மாத்தினப்ப விசிலையும் சேத்து மாத்தினாங்களான்னு அக்காகிட்ட கேளு."